விரல் தூக்கிய இடம்

எங்கள் ஊர்ப் பண்ணைகளில் பால் எடுக்கும் டேங்கர் லாரியை ஓட்டுபவள் ட்யால்டா. எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டாள். ஐம்பது வயதுக்கு மேல், ஜெர்மனியில் எங்கள் கிழக்கு ஃப்ரீசியாவின் பழைய தேவாலய ஆர்கன்களில் பாட்டுக்குத் துணை வாசிக்கக் கற்க ஆரம்பித்தாள். தாளில் இடது கைக்கு மட்டும்தான் சுரம் இருக்கும். கூடவே சில எண்கள். வலது கை என்ன வாசிப்பது என்பதை அந்த எண்களைப் பார்த்து அவளே முடிவு செய்ய வேண்டும்.

ஒத்திகையில் நான் பாடிக்கொண்டிருந்தபோது ஓரிடத்தில் ஆர்கன் ஊளையிட்டது.

“லாரியில ஓநாயையும் ஏத்திக்கிட்டு வந்தியா?” என்று எரிந்து விழுந்தேன்.

அவளுக்குக் கோபமே வரவில்லை. “இரு ஐலர்ட், மறுபடி கத்துதா பாப்போம்” என்று ஒரு கறுப்புக் கட்டையை அழுத்தினாள். கத்தியது. விரலை எடுத்தாள், நின்றது. அழுத்தினாள், எடுத்தாள். என் தேநீர் ஆறியே போனது.

“அந்தக் காலத்து ஆளுங்க இந்தக் கட்டையை வேற சுரத்துக்குச் சுருதி சேத்திருக்காங்க. நமக்கு வேண்டிய சுரம் இந்த ஆர்கன்லயே இல்ல. ஆனா நீ அதைத்தானே பாடுறே?”

“ஆமா.”

“அப்ப நான் எதுக்கு வாசிக்கணும்? நீ பாடு.”

பாடினேன். அவள் விரலைத் தூக்கிக்கொண்டாள். அவள் விட்ட இடத்தில் என் குரல் போய் உட்கார்ந்தது.

ஞாயிறு வழிபாட்டில் சரியாக அந்த இடத்தில் எனக்கு இருமல் வந்தது. பாட்டில் விழுந்த ஓட்டை கோயில் முழுக்கக் கேட்டது.

“ஆர்கன் நல்லாத்தான் இருந்துச்சு,” என்றாள் வெளியே வந்ததும். “நீதான் ரிப்பேர்.”

இப்போதெல்லாம் பால் எடுக்கப் போகும் வழியில் என் வீட்டு வாசலில் லாரியை நிறுத்தி, தொண்டை எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் போகிறாள்.