வளையல் அனுப்பும் போராட்டம்

பெங்களூரு பீன்யாவில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்றால் போன் பார்க்கும் நேரம். அன்றைக்குக் கேன்டீனில் ஒரு மேஜையில் ஆரம்பித்த சிரிப்பு அடுத்த மேஜைக்குத் தாவி, எங்கள் மேஜைக்கு வந்ததும் சட்டென்று நின்றது. எங்களோடு அக்கா உட்கார்ந்திருந்தாள். மின்சாரப் பேனல்களுக்கு வயர் இணைக்கும் பிரிவில் என் பக்கத்து இருக்கை. திருநங்கை என்று தெரிந்தே அவளைச் சேர்த்துக்கொண்ட முதல் கம்பெனி அது. ஆரம்பத்தில் இருந்த முணுமுணுப்பெல்லாம் அடங்கி, அந்த மாதம் அவளை எங்கள் பிரிவுக்குப் பொறுப்பான லைன் லீடர் ஆக்கப்போவதாக மேனேஜரே சொல்லியிருந்தார். அதை அவள் எத்தனை ஆசையோடு எதிர்பார்த்திருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

சிரிப்புக்குக் காரணம் போனில் வந்த ஒரு படம். ஓர் அரசியல்வாதி, எதிர்க்கட்சித் தலைவரின் முகத்தை சிக்னலில் நிற்கும் ஒரு திருநங்கையின் உடம்பில் ஒட்டி, கீழே ஓர் அசட்டு வரியும் எழுதிப் பகிர்ந்திருந்தார். சாயங்காலத்துக்குள் ஊரே கொதித்தது. பரவாயில்லையே, நம் ஜனங்களுக்கும் ரோஷம் இருக்கிறது என்று நினைத்தேன். கண்டனங்களைப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ‘எங்கள் தலைவரைப் போய் இவர்களோடு ஒப்பிடுவதா?’ இதுதான் எல்லோருடைய கோபமும். கேலி செய்தவருக்கும் அவரைக் கண்டித்தவர்களுக்கும் அதில் என்ன வித்தியாசம்? யாரை வைத்துக் கேலி செய்தார்கள் என்று ஒருவருக்காவது உறைத்ததா?

எங்கள் தொழிற்சங்கச் செயலாளர் நல்ல மனிதர், அதுதான் பெரிய தலைவலி. கம்பெனி கேட் எதிரிலேயே கண்டனக் கூட்டம் போட்டுவிட்டார். ஆண் அரசியல்வாதியை அவமானப்படுத்த வேண்டுமானால் அவருக்குப் புடவையும் வளையலும் பார்சல் அனுப்புவது நம்மிடம் ஒரு வழக்கமாயிற்றே, அதே ஏற்பாடு. அதோடு விட்டாரா? நேராக அக்காவிடம் வந்து நின்றார்.

“அக்கா, நீங்கதான் உங்க கையால அந்த வளையலை வச்சு பார்சல் கட்டணும். டிவிக்காரங்க வராங்க. உங்களுக்காகத்தானே பண்றோம்!”

“எனக்கு எதுக்கண்ணா இந்தப் பேஜாரு? லைன் லீடர் ஆர்டர் வர்ற நேரம். நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்க்கறேன்.”

கேட்டால்தானே! கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனார்கள்.

கேட் எதிரில் மைக், கோஷம், கேமரா என்று ஒரே அமர்க்களம். பச்சைக் கண்ணாடி வளையல்களை அவள் கையில் திணித்தார்கள். அவள் அவற்றை நிதானமாகத் தன் கையில் போட்டுக்கொண்டாள்.

“இதை அனுப்பினா அவருக்கு அவமானம்னு சொல்றீங்க. இதைப் போட்டுக்கறதுக்காக எங்க வீட்ல நான் எவ்வளவு அடி வாங்கியிருக்கேன் தெரியுமா? அப்ப நீங்களும் அவரும் ஒண்ணுதானே அண்ணா?”

மைக் கிட்டத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. பின்னாலிருந்து யாரோ மறுபடி கோஷத்தை ஆரம்பித்துவிட்டார்கள்.

சில நாளில் அந்த அரசியல்வாதி வருத்தம் தெரிவித்தார். யாரிடம்? எதிர்க்கட்சித் தலைவரிடம். அவரும் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். போராட்டம் வெற்றி என்று எங்களுக்கு லட்டு கொடுத்தார்கள். டிவியில் முகம் வந்துவிட்டதால், “சத்தம் அடங்கட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று மேனேஜர் அக்காவிடம் சொன்னார். சத்தம் அடங்குவதற்குள் வேறொருவர் லைன் லீடராக வந்தார். அவருக்கு வேலை பழக்கிவிடும் பொறுப்பை மட்டும் அக்காவிடம் கொடுத்தார்கள். பழக்கிவிட்டு, அத்திபெலே பக்கம் ஒரு சின்னக் கம்பெனிக்கு மாறிப்போனாள். அங்கேயும் வயர்தான் இணைக்கிறாள்.

வருஷங்கள் கழித்து, போன வாரம் இன்னோர் அரசியல்வாதி, இன்னொரு படம், அதே இளிப்பு. ஊர் மறுபடி கொதிக்கிறது. எனக்கு அலுத்துவிட்டது. பழைய செயலாளர் போன் செய்தார். “அந்த அக்கா நம்பர் இருக்காம்மா? ஸ்டேஜ்ல ரெண்டு வார்த்தை பேசினா நல்லாருக்கும். இந்தத் தடவை வளையல் கிளையல் எல்லாம் கிடையாது.”

இத்தனை வருஷத்தில் அந்த மட்டுக்காவது தேறியிருக்கிறாரே! கேட்காமல் நம்பரைக் கொடுக்க மனம் வராமல் அக்காவைக் கூப்பிட்டேன். மெஷின் சத்தத்துக்கு நடுவே விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள்.

“பேசறதுக்கு ஊர்ல ஆளா இல்ல? லைன் லீடர் வேலைக்கு ஆள் வேணும்னா கூப்பிடச் சொல்லு, வரேன்” என்றாள்.