பன்னிரண்டு டிரம் தண்ணீர்

பட்டு, நீ போன செய்தி வந்தபோது நான் கிரைண்டரில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். போனில் உன் வீட்டுக்காரர் சொன்னது அந்தச் சத்தத்தில் காதில் விழவில்லை. "என்னங்க தம்பி, மறுபடி சொல்லுங்க" என்றேன். பாவம், அந்த வார்த்தையை அந்த மனுஷனை இரண்டு தரம் சொல்ல வைத்துவிட்டேன்.

மான்மவுத் ஜங்ஷனில் உங்கள் எல்லோருக்கும் அவள் ராஜேஸ்வரி, கட்டடம் டிசைன் பண்ணுகிற ஆபீஸில் இஞ்சினியர். எனக்குக் கீழ் வீட்டுக்காரி. அவள் அம்மா மெட்ராஸிலிருந்து போனில் பட்டு பட்டு என்று கூப்பிடுவதைக் கேட்டு நானும் அப்படியே கூப்பிட்டேன். நான் எட்டாவதோடு நின்றவள், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செய்யாத தப்புக்கு அவள் மேல் ஒரு பழி இருக்கிறது. அதை எடுக்கத்தான் எழுதுகிறேன்.

நான் அமெரிக்கா வந்த முதல் குளிரில் என் கறிவேப்பிலைச் செடி ஜன்னலோரத்திலேயே கருகிப் போனது. அதற்காக அழுதேன். எல்லோரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. கட்டம் போட்ட நோட்டில், குளிரில் செடி வளர்க்க ஒரு கண்ணாடி வீடு வரைந்தாள். தெற்கே வெயிலைப் பார்த்துச் சாய்வாக இரட்டை பிளாஸ்டிக் ஷீட். வடக்கே காற்று புகாத தடிச்சுவர். சுவரோரம் கறுப்பு பெயின்ட் அடித்த பன்னிரண்டு டிரம் தண்ணீர். அபார்ட்மென்ட் ஆபீஸில் பேசி, பார்க்கிங்குக்குப் பின்னால் இடமும் வாங்கிவிட்டாள். சனிக்கிழமை சனிக்கிழமையாக எல்லோரும் சேர்ந்து கட்டினோம்.

"ஒரு ஹீட்டர் வெச்சா முடிஞ்சுது. இதென்னம்மா, கல்யாண மண்டபம் மாதிரி டிரம்மா அடுக்கறே?" என்று மூன்றாம் வீட்டு அங்கிள் கேலி பண்ணினார்.

"பனிப்புயல்ல கரண்ட் போற அன்னிக்குத்தான் அங்கிள் சூடு வேணும். அன்னிக்கு உங்க ஹீட்டரும் உங்களோட சேர்ந்து போர்வையைப் போத்திக்கும். என் டிரம்முங்க பகல்லயே வெயிலைக் குடிச்சு வெச்சிருக்கும்" என்றாள்.

அந்த வருஷம் வெளியே முழங்கால் அளவு பனி. உள்ளே கறிவேப்பிலை துளிர் விட்டிருந்தது. இலை பறிக்கக்கூட இல்லை, சும்மா வாசம் பிடிக்கவே போய் நின்றோம்.

அடுத்த குளிருக்கு முன்னால் அவள் அப்பாவுக்கு முடியவில்லை என்று மெட்ராஸ் போனாள். சாவியை என்னிடம் கொடுத்தாள். "அக்கா, யார் என்ன கேட்டாலும் டிரம்மு மேல மட்டும் கை வைக்காதீங்க."

"போடி, எனக்குத் தெரியாதா?" என்றேன்.

அவள் போன வாரமே தொட்டியும் கையுமாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பக்கத்து ஊரிலிருந்துகூட வந்தார்கள். ஒரு பிள்ளைத்தாச்சிப் பெண், "ஆன்ட்டி, சூட்கேஸ்ல புடவைக்குள்ள சுத்தி மறைச்சுக் கொண்டுவந்த செடி, இது செத்தா எனக்கு வேற இல்ல" என்று நின்றாள். வாசலுக்கு வந்தவர்களை வெறுமனே திருப்பி அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. உள்ளே இடமும் இல்லை. தண்ணீர்தானே, ஏழு டிரம் போதாதா என்று நினைத்தேன். ஐந்தை வடித்து, உருட்டி வெளியே விட்டு, அந்த இடத்தில் தொட்டிகளை வைத்தேன். இடம் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு நாலு நாள் வெயிலே இல்லை. ஐந்தாம் நாள் கதவைத் திறந்தால் அத்தனை செடியும் ஈரத்துணி மாதிரி கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் அவள் வருகிறாள். பயத்தில் புத்தி கெட்டுப் போனது. அவள் வருகிற அன்று காலையில், செத்த தொட்டிகளை நகர்த்தி, நானும் என் வீட்டுக்காரரும் ஐந்து டிரம்மையும் பழையபடி நிறுத்தினோம். வெளிக்குழாய் உறைந்திருந்தது. லாண்ட்ரி ரூம் சுடுதண்ணீர்க் குழாயில் ஹோஸ் மாட்டித்தான் நிரப்பினோம்.

சாயங்காலம் ஏர்போர்ட்டிலிருந்து நேரே அங்கே வந்தாள். எல்லோரும் கூடியிருந்தார்கள். யாரிடமும் பேசாமல் வடக்குச் சுவரோரம் ஒவ்வொரு டிரம்மாக உள்ளங்கையை வைத்துக்கொண்டே போனாள். கடைசி டிரம் மேல் கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அப்புறம் திரும்பினாள்.

"ஸாரி. என் கணக்குதான் தப்பு. வேற யாரும் காரணம் இல்ல."

நான் அவள் பக்கத்திலேயே நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

"பெரிய இஞ்சினியராம்" என்று எத்தனை பேர் பேசினீர்கள். அந்த வசந்தத்திலேயே கண்ணாடி வீட்டைப் பிரித்துப் போட்டார்கள். வேறு ஊர்க்காரர்கள் வந்து பிளான் கேட்டபோது, "வேண்டாம்க்கா, நடந்தது போதும்" என்று நோட்டை மூடி வைத்துவிட்டாள்.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது சொல்லிவிட வேண்டும் என்றே மூன்று தரம் போனேன். முதல் நாள் மெட்ராஸிலிருந்து வந்திருந்த அவள் அம்மா பக்கத்தில் இருந்தார். அடுத்த முறை தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறை கண்ணைத் திறந்து, "அக்கா, ரசம் கொண்டு வந்தீங்களா?" என்றாள். இரண்டு ஸ்பூன் குடித்தாள். நான் அவள் வாயைத் துடைத்துவிட்டு வந்துவிட்டேன்.

காரியம் முடிந்து அவள் வீட்டுக்காரர் அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். அதில் இருக்கிற எண் எதுவும் எனக்குப் புரியாது. ஆனால் கணக்கு சரி என்று எனக்குத் தெரியும். தப்பு என் கையில். இதுபோலக் கட்ட நினைக்கிறவர்கள் வாருங்கள், நோட்டைத் தருகிறேன். பன்னிரண்டும் பன்னிரண்டாகவே இருக்கட்டும்.

பட்டு, ஏழு டிரம் ஐஸாக இருந்தது, ஐந்து வெதுவெதுவென்று இருந்தது. அது உன் கைக்குத் தெரியாமலா போயிருக்கும்?