என் தங்கையின் தட்டைக் கவிழ்த்தவன் நான்

நோயாளியாக என் வீட்டுக்கு வந்த என் தங்கையைப் பட்டினி போட்டு, மறுபடியும் பட்டாசு ஆலைக்கு அனுப்பியவன் நான். இந்த முதலாம் ஆண்டு நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினரும் நண்பரும் வேறெதையும் வாசிக்கும் முன் இதை அறிய வேண்டும். உயிரோடிருந்தவரை அவரை ‘வா, போ’ என்றுதான் அழைத்தேன். மரியாதை இப்போதுதான் வருகிறது.

சாத்தூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கை பிறந்தார். எங்கள் தந்தையார் வயற்காட்டுக் கூலி வேலையை விட்டுத் தீப்பெட்டி ஆலைக்குப் போனவர்; கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர். ஆண்டவர் கொடுத்த கைகளைச் சும்மா வைத்திருப்பது அவருக்குத் திருட்டுக்குச் சமம். வீட்டில் நாங்கள் தீப்பெட்டி ஒட்டுவோம். சாப்பாட்டு ஜெபத்துக்கு முன் அப்பா பெட்டிகளைப் பார்ப்பார். யாருக்குக் குறைகிறதோ, அவர் தட்டைக் கவிழ்த்து வைப்பார். கவிழ்ந்த தட்டுக்காரரும் கண்ணை மூடி உணவுக்காக நன்றி சொல்ல வேண்டும்.

மடியில் புத்தகத்தோடு ஒட்டிய எனக்குத்தான் எப்போதும் குறையும். தங்கை தன் பெட்டிகளை என் பக்கம் தள்ளிவிடுவார். ஒருநாள் அப்பாவுக்குச் சந்தேகம் வந்தது.

“ஏலே, இம்புட்டும் நீயா ஒட்டின?”

“அண்ணன்தாம்ப்பா. கோணலைப் பாத்தாலே தெரியலையா?” என்றார் தங்கை. எனக்காக வேண்டுமென்றே கோணலாக ஒட்டியிருந்தார். அப்பா சிரித்துவிட்டார். அன்று கவிழ்ந்தது தங்கையின் தட்டு.

நான் படித்து விருதுநகரில் ஆசிரியரானேன். தங்கை அச்சங்குளத்தில் வாழ்க்கைப்பட்டு, கணவரை இளவயதிலேயே இழந்து, பட்டாசுக்கு வெடிமருந்து செலுத்தும் வேலை செய்து ஒரே மகளை வளர்த்தார். சுனாமி வந்த மறுவருடம் அவர் நுரையீரல் கெட்டது. இனி மருந்துத் தூசிப் பக்கமே போகக் கூடாது, ஓய்வெடுக்க வேண்டும் என்றார் டாக்டர். என் வீட்டுக்கு வந்தார்.

பணி ஓய்வுக்குப் பிறகும் விடியுமுன் எழுந்து ட்யூஷன் எடுத்தவன் நான். பகலில் ஒருவர் படுத்துக் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த இருமலைச் சாக்கு என்றே நினைத்தேன். ஒரு காலை, என் மனைவி இட்லி வைக்க வரும்போது தங்கையின் தட்டைக் கவிழ்த்தேன்.

“என்ன செய்யுறீக? மூச்சு விடவே முடியாம இருக்கா அவ!” என்றார் மனைவி.

“எங்கப்பா வச்ச சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

உணவுக்காக நன்றி சொல்லி நானே ஜெபித்தேன். சத்தமாக ஆமென் சொன்னவர் தங்கை. பிறகு பையை எடுத்துக்கொண்டு, “தீபாவளி சீசன்ண்ணே. கம்பெனியில ஆளு தேடுறாக. வாரேன்,” என்றார். நான் தடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு, எங்கள் குடும்ப இரத்தம் சும்மா இருக்காது என்று ஆலயத்தில் பெருமை பேசினேன்.

சீசன் முடியுமுன் வேலையிடத்திலேயே விழுந்தார். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்து, கஞ்சியும் கரண்டியுமாக நான் அருகில் உட்கார்ந்தேன். சமையலுக்கு உரிக்க மனைவி வைத்திருந்த பூண்டைத் தங்கை பார்த்தார்.

“அந்தப் பூண்டை இங்கன தாங்க. ரெண்டு உரிச்சுட்டுக் குடிக்கேன்.”

“வேண்டாம்மா, சும்மா படுத்திரு. நான் செஞ்சது தப்பு. என்னை மன்னிச்சிரு.”

“வெறுங்கையா இருந்தா தொண்டையில எறங்க மாட்டேங்குண்ணே.”

பூண்டை இழுத்து உரிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு வேளையும் மன்னிப்புக் கேட்டுக் கெஞ்சினேன். உரித்த பிறகே குடித்தார். விரல்கள் ஓய்ந்துபோனதும் வாயை இறுக மூடிக்கொண்டார். நான் எவ்வளவு அழுதும் திறக்கவில்லை. அப்படியே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

சபை முன் எழுந்து நின்று என் பாவத்தை அறிக்கையிட்டேன். சாகும்வரை உழைத்த சகோதரிக்காக ஸ்தோத்திரம் என்று மூப்பர் ஜெபித்தார். பலர் வந்து என் கையைப் பிடித்து, கொடுத்து வைத்த குடும்பம் என்றார்கள்.

அம்மாவின் ஆலையிலேயே வேலை பார்த்த தங்கை மகளை, அந்த வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்திருக்கச் சொன்னேன். “ஒங்க வீட்டுல சாப்பிட எனக்குப் பயமாருக்கு மாமா,” என்றாள். இன்றும் அதே ஆலைக்குத்தான் போகிறாள்.

தங்கை விழுந்த அன்று அவரைத் தூக்கிவந்த சக தொழிலாளிப் பெண்களுக்கும், வண்டி தந்தவருக்கும், செவிலியர்களுக்கும், அடக்க ஆராதனையில் எங்களோடு நின்ற உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. அச்சுக்குக் கொடுக்கும் முன் இதைத் தங்கை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“அம்மா ஒங்கள மன்னிச்சுட்டாகன்னு மட்டும் கடைசியில எழுதிராதீக மாமா.”