மஞ்சள் காசும் என் உரைகல்லும்

உரைகல்லை வைத்துப் பிழைக்கிறவனிடம் ஜனங்கள் சோதனைக்காக வருவதில்லை. ‘ஆமாம், தங்கம்தான்’ என்று கேட்டுவிட்டுப் போகத்தான் வருகிறார்கள். நகைப் பட்டறையில் உட்கார்ந்து முதுகு வளைந்த சகபாவிகளே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தேசப்பிதாவின் நூற்றாண்டுக்காக அவர் தலையைப் போட்டு ஒரு இருபது பைசா வெளியிட்டார்கள். மஞ்சளாக, பளபளவென்று இருந்தது. அதில் தங்கம் கலந்திருக்கிறது என்று யார் கிளப்பிவிட்டார்களோ, காஞ்சிபுரத்தில் ஆளாளுக்குப் பதுக்கி, அந்தக் காசு கடைகளில் புழங்குவதே நின்றுபோனது. எனக்கும் உள்ளூர ஒரு குறுகுறுப்பு. ஒருவேளை இருந்தால்?

ஓரமாகத் தேய்

முதலில் வந்தவர் தறிக்காரர் ஏகாம்பரம். ஜரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு தெரிகிறதா என்று பார்த்தே அசல், போலி சொல்லிவிடுவார். அவர் நீட்டிய காசைக் கல்லில் வைத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“தலையத் தேய்க்காதப்பா! வெள்ளைக்காரன் படுத்தினதே போதும். ஓரமாத் தேய்.”

ஒரு இழை

ஓரமாகவே தேய்த்தேன். கல்லில் மஞ்சள் கோடு விழுந்தது. ஒரு சொட்டுத் திராவகம் விட்டால் தங்கக் கோடு அப்படியே நிற்கும். இது நுரைத்து, பச்சையாகி, காணாமல் போயிற்று. தங்கம் துளியும் இல்லை என்றேன். ஏகாம்பரம் அசரவில்லை. மறுநாள் வேறொரு காசு கொண்டுவந்தார். அதற்கடுத்த நாள் இன்னொன்று.

“தறியில ஒரு இழை அறுந்துதுன்னா மொத்தப் பாவே கெட்டுப்போச்சுன்னு சொல்லுவியா? பார்த்துக்கினே இரு, ஏதாச்சும் ஒன்னுல இருக்குது.”

முந்தானை முடிச்சு

பக்கத்துக் கிராமமான தாமலிலிருந்து பச்சையம்மா வந்தார். நடவு வேலை செய்கிறவர். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். ஐம்பத்தோரு மஞ்சள் காசுகள் பலகையில் கொட்டின. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். வீட்டில் குன்றிமணித் தங்கம்கூடக் கிடையாது. ஒரு வருஷமாகக் கூலியில் வந்த மஞ்சள் காசை மட்டும் செலவழிக்காமல் சேர்த்திருக்கிறார். எல்லாவற்றையும் உருக்கினால் ஒரு தாலிப் பொட்டுக்குத் தேறாதா என்று கேட்டார்.

வாயால் சொன்னால் நம்பமாட்டார் என்று ஒரு காசை அவர் கண்முன்னே தேய்த்துத் திராவகம் விட்டேன். கோடு மறைவதை இமைக்காமல் பார்த்தார். ஏனம்மா இதை நம்பினீர்கள் என்று கேட்டேன்.

“எங்கப்பன் அவரு பேச்சைக் கேட்டு, உப்பு எடுக்கக் கடலுக்கு நடந்துபோயி ஜெயில்ல கெடந்தாருப்பா. அடிச்சவனைத் திருப்பி ஒரு அடி அடிக்கல. அவரு தலை போட்ட காசு ஏமாத்தாதுன்னு நெனச்சேன்.”

வளையம்

அன்று காசுகளைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டு போனவர், இரண்டு நாளில் திரும்பி வந்தார். கையில் ஒரே ஒரு காசு. தாலிக்கு மஞ்சள் கிழங்கு கட்டினால் போதும் என்று மாப்பிள்ளை வீட்டில் ஒப்புக்கொண்டார்களாம். காசின் விளிம்பில் ஒரு வளையம் பற்றவைத்துத் தரச் சொன்னார். தலையில் சூடு படாமல் பார்த்துப் பற்றவைத்தேன். தங்கம் இல்லை என்று தெரிந்த பிறகு இது எதற்கு என்று, அடக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன்.

“இருக்கட்டும்பா. கிழங்குக்குப் பக்கத்துல தொங்கட்டும். எங்கப்பனும் கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கும்.”

இத்தனை வருஷத்தில் என் கல் ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை. அந்த ஒருநாள் மட்டும் சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று அதன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.