இரண்டாவது ஓட்டு

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே உட்கார்ந்து மனு எழுதிப் பிழைப்பவன் நான். தனி ஆளுக்கு உரிமை உண்டு, அதைக் காப்பாற்றத்தான் சர்க்கார் இருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறேன். அதை எழுத்துக்கு எழுத்து நம்பியவர் காசியம்மாள் ஒருவர்தான்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு சின்ன ஊர். அவருடைய மகள் பிரசவ வலியோடு டவுனுக்கு வரும் வழியில் வேனிலேயே செத்துப்போனாள். அதிலிருந்து, ஊரில் நர்ஸ் தங்க ஒரு கட்டடம் வேண்டும் என்று மனு மேல் மனு கொடுத்தார். ஊர்ப் பொது இடம் கூத்து நடத்தத் தேவை என்று பெரிய மனுஷர்கள் விடவில்லை. எனக்கு இன்றும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

1996இல் பஞ்சாயத்துத் தலைவர் பதவி பெண்களுக்கு என்று வந்தது. ஆண்கள் மட்டும் கூடி, ஊர் நாட்டாண்மை தசரதனின் மனைவியைப் போட்டியில்லாமல் கொண்டுவர முடிவு செய்தார்கள். காசியம்மாள் எதிர்த்து நின்றார். அன்றே ஊர் அவரை ஒதுக்கிவைத்தது. கடையில் உப்பு இல்லை, கூலி வேலை இல்லை.

“யாருக்குப் போட்டோம்னு யாருக்கும் தெரியாதுங்களா?” என்று என்னிடம் வந்து கேட்டார்.

“கலெக்டருக்கே தெரியாதும்மா” என்றேன். மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்களிடம் தூரத்திலிருந்தே இதைச் சொல்லியிருக்கிறார்.

எண்ணியபோது அவருக்கு இரண்டு ஓட்டு. ஒன்று அவருடையது. இன்னொன்று கணவர் இருசப்பன் போட்டது என்று நினைத்துக்கொண்டார். தசரதன் சும்மா விடவில்லை. ஊரில் ஓட்டுள்ள அத்தனை பேரும் திரௌபதியம்மன் கோயிலில் சூடம் அணைத்து, ‘நான் போடவில்லை’ என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்யாத குடும்பமும் ஒதுக்கப்படும்.

அதைத் தடுக்கச் சொல்லித் திங்கட்கிழமை மனு கொடுத்தோம். செவ்வாய்க்கிழமையே சத்தியம் நடந்துவிட்டது.

முதல் ஆளாகச் சூடத்தை அணைத்தவர் இருசப்பன். “நானும் ஊரு சொன்னவங்களுக்குத்தான் போட்டேன். நமக்குக் கூலி வேணாமா?” என்றார் வீட்டுக்கு வந்து. காசியம்மாள் அவரோடு பல நாள் பேசவில்லை. ஒருவர்கூட சத்தியம் செய்யத் தயங்கவில்லை. எண்ணியவர்கள் தப்பாக எண்ணிவிட்டார்கள் என்று ஊர் விட்டுவிட்டது.

அடுத்த வருஷம் அதே ஊர்ப் பெண் பூங்காவனத்தின் குழந்தை நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டது. காரியம் முடிந்த மறுநாள் மத்தியானம் அந்தப் பெண் காசியம்மாள் வீட்டுக்குள் வந்தாள். வேறு யாரும் அந்த வாசலை மிதித்ததில்லை.

“அந்த ஓட்டு நான் போட்டதுதாங்க்கா. பொய் சத்தியம் பண்ணேன். அம்மன் எம்புள்ளையை எடுத்துக்கிச்சு.”

ஊரில் ஒரு நர்ஸ் இருந்திருந்தால் அந்தக் குழந்தை பிழைத்திருக்கும். காசியம்மாளும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். பூங்காவனம் காதில் வாங்கவில்லை.

“வெளிய சொல்லிடாதக்கா. இன்னொரு புள்ள இருக்குது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். பூங்காவனம் அவளுடைய நிஜப் பெயர் இல்லை. அதை நான் எழுத மாட்டேன்.

2001இல் மறுபடியும் தேர்தல். ஊர்க்கட்டு தளர்ந்திருந்தது, காசியம்மாளைக் கூலிக்குக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். நர்ஸ் கட்டடம் மட்டும் வரவில்லை. நானே வேட்புமனுத் தாளை வாங்கி வைத்திருந்தேன்.

“இந்தத் தடவை ஓட்டு ஜாஸ்தி விழும், நில்லுங்கம்மா” என்றேன்.

“வேணாங்க. நான் நின்னா அவ திரும்பவும் எனக்குத்தான் போடுவா.”