தரையில் நின்றவர்

இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, விரல்களைத் தன் பக்கம் மடக்கி மடக்கி அழைக்கிறார் சார்ஜென்ட். எதிரே வருவது இரண்டாம் மாடிப் பல் டாக்டரின் சின்னக் கார். சார்ஜென்ட்டின் முகத்தை மட்டும் பார்ப்பவர்கள் ஏதோ போர் விமானம் வந்து இறங்குவதாகத்தான் நினைப்பார்கள். முன்சக்கரம் வெள்ளைக் கோட்டைத் தொட்டதும் கைகள் இரண்டும் தலைக்கு மேல் பெருக்கல் குறியாகின்றன. டாக்டர் நிறுத்திவிடுகிறார். நிறுத்தாமல் போகும் துணிச்சல் எங்கள் குடியிருப்பில் யாருக்கும் வந்ததில்லை.

விமானப்படையில் தரைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் கார்கள் கிளம்பும்போதும் மாலையில் திரும்பும்போதும் கீழே ஆஜராகிவிடுவார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. வேண்டாம் என்று சொன்னாலும் காதில் விழாது. எஞ்சின் இரைச்சல் செவியில் பாதியை வாங்கிக்கொண்டுதான் மனிதரை வீட்டுக்கு அனுப்பியது. அதனால் வாயைவிடக் கையைத்தான் அதிகம் நம்புகிறார். சாப்பாட்டு மேஜையில்கூட, போதும் என்றால் அதே பெருக்கல் குறிதான்.

"வாயைத் திறந்து போதும்னு சொன்னா முத்தா உதிர்ந்துடும்?" என்பார் மனைவி, இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டே.

போன வருஷம் என் தங்கை கணவர் முதல்முறையாக எங்கள் வீட்டுக்குக் காரில் வந்தார். சார்ஜென்ட் வழிகாட்டி நிறுத்தவைத்துவிட்டு, உள்ளங்கையைக் கழுத்தின் குறுக்கே ஓர் இழுப்பு இழுத்தார். மாப்பிள்ளை வெலவெலத்துப் போய்க் காரைவிட்டு இறங்கவே இல்லை. எனக்குப் போன் போட்டு, "மச்சான், கீழே ஒருத்தர் என்னை வெட்டிடுவேங்கறாரு" என்றார். எஞ்சினை அணை என்பதற்கு விமானப்படையில் அதுதான் சைகையாம். அன்றிலிருந்து மாப்பிள்ளை பஸ்ஸில் வருகிறார்.

போரில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் சார்ஜென்ட்டுக்கு ஒரே குஷி. "எல்லாரும் துப்பாக்கியைப் பத்திதான் கேக்குறாங்க. நான் புடிச்சது கந்தல் துணி சார்!" என்பார். விமானத்துக்கு எரிபொருள் நிரப்புவது, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது, விமானி உட்காரும் கூண்டின் கண்ணாடியைத் துடைப்பது, இவைதாம் அவர் வேலை. கண்ணாடி துடைப்பதை லேசாக நினைத்துவிடக் கூடாது. "அதுல ஒரு கொசு ஒட்டிக்கிட்டு இருந்தா, மேல போனவருக்கு அது எதிரி விமானமாத் தெரியும். அவர் கொசுவைத் துரத்திக்கிட்டுப் போயிடுவாரு. பின்னால நிஜமானவன் வருவான்."

விமானம் யாருடையது என்பதில் அவருக்கும் அவருடைய சகாக்களுக்கும் சந்தேகமே கிடையாது. "வண்டி எங்களோடது சார். ஆபீசருங்க இரவல் வாங்கிட்டுப் போறவங்க." இறக்கையில் ஓட்டையோடு கொண்டுவந்தால், "போகும்போது நல்லாத்தானே குடுத்தேன்?" என்று விமானியின் முகத்துக்கு நேராகவே கேட்பார்களாம். பதவியில் எவ்வளவோ உயர்ந்த அந்த ஆபீசர்களும் அசடு வழிந்துகொண்டு நிற்பார்களாம்.

ஒருநாள் காலையில் போன எல்லா விமானங்களும் திரும்பிவிட்டன, அவருடையது மட்டும் வரவில்லை. மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். இவர் சக்கரக் கட்டைகளைக் கையில் பிடித்தபடி வெயிலில் நின்றார். சமையல்காரர் தட்டோடு வந்து கெஞ்சியும் கட்டையைக் கீழே வைக்கவில்லை. எரிபொருள் போதாமல் விமானம் வேறொரு தளத்தில் இறங்கியிருந்தது. அதை இவருக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பொழுது சாயும் நேரத்தில் விமானி சிரித்துக்கொண்டே வந்து இறங்கியபோது, சார்ஜென்ட் சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதாராம். "அதுக்கப்புறம் யாருக்காகவும் காத்துக்கிட்டு நிக்குற தெம்பு எனக்கு இல்ல சார்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்குத்தான் கேட்கச் சங்கடமாக இருக்கும்.

இப்படிப்பட்டவரின் மனைவி, அவர் மத்தியானத் தூக்கம் போடும் வேளைகளில் அடுத்த தெரு ஓட்டுநர் பள்ளிக்குப் போய்க் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். லைசென்சும் வாங்கிய பிறகுதான் விஷயத்தை அவிழ்த்தார். பக்கத்து ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்குத் தங்கள் பழைய காரில் தனியாகப் போய்வரப் போகிறாராம்.

"நானும் வரேன்" என்றார் சார்ஜென்ட்.

"நீங்க பக்கத்துல உக்காந்தா கார் ஓடாது. உங்க கைதான் ஓடும்."

சார்ஜென்ட் துணியை எடுத்துக்கொண்டு வந்து கண்ணாடியைத் துடைத்தார். காற்றைப் பார்த்தார், எண்ணெயைப் பார்த்தார், காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். திரும்பவும் கண்ணாடியைத் துடைத்தார். நாங்கள் எல்லோரும் அம்மா என்று கூப்பிடும் அவர் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார். பாதிச் செவியோடு பேசுகிறவர்களுக்கு ரகசியம் ஏது? பால்கனிகளில் நாங்கள் எல்லோருமே கேட்டுக்கொண்டிருந்தோம்.

"காத்துக்கிட்டு நிக்க என்னால முடியாது. உனக்குத் தெரியும்ல?"

"சண்டை நடந்தப்ப எந்த ஊர்ல இருக்கீங்கன்னுகூட நீங்க எனக்குச் சொல்லல. கல்யாணமான புதுசு. நான் நிக்கலையா? அதுவும் உங்கம்மாவோட ஒரே வீட்டுல! இன்னைக்கு ஒரு சாயங்காலம் நீங்க நில்லுங்க."

சார்ஜென்ட் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஒதுங்கி நின்றார். கார் ஒருமுறை குலுங்கி, பிறகு ஒழுங்காக வாசலைத் தாண்டியது.

மாலையில் நான் கீழே இறங்கியபோது அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். "சும்மா காத்து வாங்க வந்தேன் சார்" என்றார். ஓர் இலைகூட அசையவில்லை. கார்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. எதற்கும் அவர் கை தூக்கவில்லை. பல் டாக்டர் வழிகாட்ட ஆளில்லாமல் தடுமாறிக் கோணலாக நிறுத்தினார். சார்ஜென்ட்டின் கண் வாசலைவிட்டு நகரவில்லை. நானும் வாசலையே பார்க்க ஆரம்பித்தேன்.

விளக்குப் போடும் நேரத்தில் அந்தக் கார் உள்ளே திரும்பியது. சார்ஜென்ட்டின் கைகள் தாமாகவே இடுப்புவரை எழுந்தன. கண்ணாடிக்குள்ளிருந்து அம்மா மாட்டேன் என்று தலையாட்டினார். கைகள் இறங்கின. கார் முன்னால் போய், பின்னால் வந்து, இன்னொரு தடவை முன்னால் போய், கோட்டைத் தாண்டிக் குறுக்கே நின்றது. சார்ஜென்ட் தன் ஸ்கூட்டரை நிறுத்தும் இடத்திலும் பாதியை அது பிடித்துக்கொண்டது. அம்மா இறங்கி, புடவையை உதறிக்கொண்டு, "எப்படி நிறுத்தினேன்?" என்றார்.

பால்கனிகளில் எல்லாத் தலைகளும் எட்டிப் பார்த்தன. சார்ஜென்ட் கோட்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார், கொஞ்சம் அதிக நேரமே. பிறகு தன் ஸ்கூட்டரின் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, அதை மதிலோரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.