கோடு போடாத ட்ரே

பாகலூர் ரோட்டில் ஒரு குஞ்சு பொரிக்கும் கம்பெனி. அங்கே குஞ்சு பிரிக்கிற மேசையில் நாங்கள் நான்கு பெண்கள். பெட்டை ஒரு கூடை, சேவல் ஒரு கூடை. எல்லாம் முட்டைக்கோழி ரகம். சேவல் முட்டை போடாது, கறிக்கும் தேறாது. அதனால் டிரம்முக்குப் போகும்.

மேசைக்குப் பின்னால் சுவரோரம் நிற்கிற நீல பிளாஸ்டிக் டிரம். பாதி தண்ணீர். குஞ்சைக் கொட்டி, மூடியைப் போட்டு, சத்தம் நிற்கிற வரைக்கும் அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த வேலைக்கு நிற்கிற ஆள் பக்கத்தில் சாப்பாட்டு நேரத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். வடக்கேயிருந்து வந்த ஒருவன் நின்றான். சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டான். அதுமுதல் வேன் டிரைவர் முனகிக்கொண்டே அதைச் செய்தான். இனி மேசையில் எவள் தப்பு செய்கிறாளோ அவள்தான் டிரம்முக்கு என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

எனக்கு அந்த டிரம் வேண்டாம். ஆனால் என் கண் மங்கிக்கொண்டு வந்தது.

பழுப்பு ரகம் சுலபம். குஞ்சு பழுப்பாக இருந்தால் பெட்டை, வெளுத்திருந்தால் சேவல். வெள்ளை ரகம்தான் கஷ்டம். எல்லாக் குஞ்சும் ஒரே மஞ்சள். இறக்கையை விசிறி மாதிரி விரிக்க வேண்டும். இரண்டு வரிசையாக இறகு முளைத்திருக்கும். ஒன்று நீளம், ஒன்று குட்டை என்றால் பெட்டை. இரண்டும் ஒரே அளவு என்றால் சேவல். வித்தியாசம் நூல் கனம் இருந்தால் அதிகம். பார்த்த உடனே போட வேண்டும், யோசிக்க நேரம் கிடையாது.

ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கண்ணாடி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுப் பூசையில் பாட்டுப் புத்தகம் எழுத்துக்கூட்டிப் படிக்க உதவியது. மேசையில் உதவவில்லை. சூட்டில் ஆவி படிந்தது. ஆவிமேல் குஞ்சுப் பஞ்சு ஒட்டியது. கழற்றி வைத்துவிட்டேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் பாகலூர்க்காரி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். வயிற்றில் ஆபரேஷன் செய்த உடம்பு, கனம் தூக்கக் கூடாது. அதைக் கம்பெனியில் சொன்னால் வேலை போய்விடும். அவள் ட்ரேயையும் கூடையையும் நான் தூக்குவேன். என் குஞ்சை அவள் பார்ப்பாள். நான் இறக்கையை விரித்து அவள் பக்கம் சாய்ப்பேன். பெட்டை என்றால் மேசைக்கு அடியில் முழங்காலால் இடிப்பாள். சேவல் என்றால் சும்மா இருப்பாள். ஒரே ஒரு தடவை பேசி வைத்தோம். அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை.

எதிரில் இருந்தவர்களில் ஒருத்திக்கு வாய் நீளம்.

"ஏன்க்கா, குஞ்சுகிட்ட ஜோசியம் கேக்குறியா? இம்மா நேரம் பாக்குற."

"உன் கூடைய நீ பாரு மே."

"பாத்துக்கினுதான் கீறன். பொட்டையா பொறந்தா பொழைக்கிற எடம் இது ஒண்ணுதான். எங்க ஊட்டுல மூணு பொறந்ததுக்கு எம் மாமியா இன்னும் எங்கிட்ட பேசல."

வெள்ளையிலேயே வேறொரு ரகம் எப்போதாவது வரும். அதில் பெட்டைக்கும் சேவலுக்கும் இறக்கை ஒரே மாதிரி, இரண்டு வரிசையும் ஒரே அளவு. அந்த ட்ரேயின் ஓரத்தில் சிவப்பு சாக்பீஸால் கோடு போட்டு அனுப்புவார்கள். கோடு இருந்தால் நாங்கள் தொடக் கூடாது. வெளியிலிருந்து ஒருவர் வந்து, குஞ்சின் பின்பக்கத்தைப் பிதுக்கிப் பார்த்துப் பிரிப்பார். கோடு இல்லையென்றால் அது எங்கள் பழைய ரகம்.

மழை பிடித்த ஒரு நாள் காலை, கோடு இல்லாத ட்ரேக்கள் வந்தன.

முதல் குஞ்சை விரித்துச் சாய்த்தேன். முழங்கால் இடிக்கவில்லை. சேவல் கூடையில் போட்டேன். அடுத்ததுக்கும் இடிக்கவில்லை. அந்த ட்ரே முழுக்க இடிக்கவில்லை.

"இன்னா மே, எல்லாமே சாவலா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"என்னுதும் அப்டித்தான்க்கா வருது."

"இன்னிக்கி ஆம்பள ராஜ்ஜியம்," என்றாள் வாய் நீளமானவள்.

"எனுக்கு எல்லாம் ஒண்ணாட்டமே கீது," என்றேன்.

"உனுக்கு என்னிக்கி வேற வேறயா இருந்துச்சி?"

சிரித்தார்கள். சூப்பர்வைசர் மாலூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். "பேக பேக! வண்டி வந்து நிக்குது," என்று கை தட்டி அவசரப்படுத்தினார். பேச்சை விட்டோம். கூடை கூடையாக டிரைவர் டிரம்மில் கொட்டினான்.

பொழுது ஏறினபோது பிதுக்கிப் பார்க்கிறவர் வந்தார். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"நம்ம சரக்கு எங்க?"

சூப்பர்வைசர் ட்ரே அடுக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார். எதிலும் கோடு இல்லை. டிரம்மைப் பார்த்தார். போய் மூடியைத் திறந்தார். மேலே மிதந்ததில் ஒன்றை எடுத்து, கத்தரிக்கோலால் வயிற்றைக் கிழித்து நீட்டினார். வந்தவர் விளக்கைக் காட்டிப் பார்த்தார்.

"பொட்டை."

இன்னொன்று.

"பொட்டை."

அடுத்தது சேவல். அதற்கடுத்தது மறுபடியும் பெட்டை. அதற்குமேல் கிழிக்காமல் சூப்பர்வைசர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"நாலு பேரு இருக்கீங்க. கண்ண எங்க வெச்சிருந்தீங்க?"

கோடு போடுகிற ஆள் சூப்பர்வைசருடைய தங்கை வீட்டுக்காரர். அவர் போட மறந்தாரா, ஈரத்தில் அழிந்ததா, தெரியாது. கோட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

பாகலூர்க்காரி எழுந்தாள்.

"அக்காவுக்குத்தான் சார் கண்ணு தெரியாது. இம்மா நாளு நான் சொல்லிச் சொல்லித்தான் ஓட்டிச்சி."

என்னைப் பார்க்காமல் சொன்னாள். ஒரு கை வயிற்றைப் பிடித்திருந்தது.

சூப்பர்வைசர் எங்கள் பழைய ரகத்தில் ஒரு குஞ்சை எடுத்துவந்து என் கையில் வைத்தார். சூடாக இருந்தது. கத்தியது.

"சொல்லு, என்ன இது?"

இறக்கையை விரித்தேன். மஞ்சளாகத் தெரிந்தது. மேசைக்கு அடியில் முழங்கால் இல்லை, அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"சாவலு," என்றேன்.

இறக்கையைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்கு இறக்கைமேல் நம்பிக்கை போயிருந்தது. குஞ்சை என் கையிலிருந்து வாங்கி, கத்தக் கத்த அப்படியே கிழித்தார்.

"பொட்டை," என்றார் வந்தவர்.

"நீ டிரம்முக்குப் போ," என்றார் சூப்பர்வைசர்.

போனேன். வேறு வேலை தேடுகிற வயசில்லை. மூடியை அழுத்தினால் உள்ளேயிருந்து உள்ளங்கையில் தட்டுவது தெரியும். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். சாப்பாட்டு நேரத்தில் ஜெனரேட்டர் பக்கம் தனியாக உட்கார்ந்தேன். "காத்து இந்தப் பக்கம் அடிக்குதுக்கா, அங்கயே இரு," என்றாள் வாய் நீளமானவள். இருந்தேன்.

மேசையில் இருக்கிறவள் அவளவள் சேவல் கூடையை டிரம்வரைக்கும் கொண்டுவர வேண்டும். நான் வாங்கிக் கொட்டுவேன். பாகலூர்க்காரி முதலில் எதிர்ப்பக்கத்து ஆட்களைத் தூக்கச் சொன்னாள். அவர்கள் இரண்டு நாள் தூக்கினார்கள், அப்புறம் முடியாது என்றுவிட்டார்கள். கூடையைத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். டிரம்மண்டை வந்து நின்றாள். முகம் வேர்த்திருந்தது.

"கொஞ்சம் தூக்கிக் கொட்டுக்கா."

நான் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மத்தவங்களுக்குக் கொட்டறியே."

"சாருகிட்ட கேளு," என்றேன். "வயிறுன்னு சொல்லு, ஆள் குடுப்பாரு."

சூப்பர்வைசர் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு குந்தி உட்கார்ந்து, குஞ்சுகளைக் கையில் அள்ளி அள்ளி எழுந்து டிரம்மில் போட ஆரம்பித்தாள். கூடையோடு கொட்டினால் ஒரே நேரத்தில் முடிந்துவிடும். கையால் அள்ளினால் ஒவ்வொன்றும் விரலைப் பிடித்துக்கொள்ளும். ஒன்று அவள் சட்டைக் கைக்குள் ஏறியது. அதையும் உருவிப் போட்டாள்.

"கண்ண மூடிக்கினு போடாத. வெளிய வுழுது," என்றேன்.

கீழே விழுந்ததைப் பொறுக்கிப் போட்டாள். கூடை காலியானது. மூடியைப் போட்டேன். அவள் போகத் திரும்பினாள்.

"கைய வை," என்றேன்.

வைத்தாள். சத்தம் நிற்கிற வரைக்கும் இரண்டு பேரும் அழுத்தினோம்.